ஃபிளாப்புக்கு முன்னால் வீசியிருக்க வேண்டிய சீட்டு

கார்டு ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, ஆட்டம் எப்படி ஆடுவது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. போனிலேயே ஆடிப் பழகி வந்தவர்கள் நீங்கள். போன முறை நான் மலை ஏறி வந்தபோது உங்களில் ஒருவர் சீட்டு கலைத்ததைப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு எனக்குக் கண் கூசியது. நான் இருபது வருஷம் கலைத்தும் அப்படிக் கலைத்ததில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. சின்ன ஜோடி கைக்கு வந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

நம் கிளப்பில் லிமிட் ஆட்டம்தான். நினைத்ததை எல்லாம் தூக்கி நடுவில் வைத்துவிட முடியாது. ஒரு தடவைக்கு இவ்வளவு காயின் என்று கட்டு உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே அது கமிட்டி போட்ட கட்டு. யாரோ ஒரு எஸ்டேட் முதலாளி ஒரே மத்தியானத்தில் ஜீப்பையே வைத்து ஆடிவிட்டாராம். அந்த ஜீப்பைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அது இப்போது வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவோம். நடுவில் மூன்று சீட்டை விரிப்பதற்கு முன்னால் ஆடுபவர் முடிவு செய்தாக வேண்டும். சீட்டை வீசி விலகிவிடலாம். மற்றவர் கட்டியதைத் தானும் கட்டி உள்ளே வரலாம். இல்லையென்றால் ஏற்றிக் கட்டலாம். அந்த மூன்று சீட்டுக்குத்தான் ஃபிளாப் என்று பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு சீட்டு விரியும், ஒவ்வொரு தடவையும் காயின் வைக்கலாம். இரண்டு ராஜா வந்தவனுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு மூன்றோ இரண்டு நாலோ வந்தவன்தான் தாடையைச் சொறிவான். பார்த்தால் ஜோடி மாதிரி இருக்கும். நடுவில் பெரிய சீட்டு ஒன்று விரிந்தால் அது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அதே நம்பரில் மூன்றாவது ஒன்று வந்து விழுந்தால் இரண்டு பெரிய ஜோடியைக்கூட அது அடித்துவிடும், எதிராளிக்குத் தெரியாமலே அவன் கதை முடிந்துவிடும். ஆனால் அது விழுவது எப்போதாவதுதான்.

எனக்கு முன்னால் கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது, பேசவே மாட்டார். சின்ன ஜோடியைப் பற்றி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். வெளியே பனி இறங்கி எதிர்ச் சுவர்கூடத் தெரியாத நாள்.

"சின்ன ஜோடிங்கறது பனில வண்டி ஓட்டற மாதிரி. முன்னால நாலஞ்சு வண்டி போனா பேசாம பின்னாலயே போயிரு. முன்னால ஆளே இல்லீன்னா லைட்டைப் போட்டு ஹாரன் அடிச்சுட்டு நடு ரோட்டுல போ. இல்லாட்டி ஓரங்கட்டி நிப்பாட்டு. ரெண்டும் இல்லாம மெதுவா ஊர்ந்துட்டுப் போறவன்தான் பள்ளத்துல கெடப்பான்."

பல பேர் உள்ளே இருந்தால் குறைந்த காயினில் சும்மா போய்ப் பார்க்கலாம், எதிரில் ஒரே ஆள் என்றால் ஒன்று ஏற்று, இல்லை வீசு என்பது அதற்கு அர்த்தம். பாதி மனசோடு கட்டாதே. இதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான். மேஜையில் உட்கார்ந்து தப்பாகக் கட்டுகிற மெம்பர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவனும் நான்தான்.

நம் கிளப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. அதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை. காயின் கட்டி ஃபிளாப் பார்த்தவன், நடுவில் விலகினாலும் கடைசியில் தன் சீட்டை விரித்துக் காட்ட வேண்டும். ஃபிளாப்புக்கு முன்னால் வீசிய சீட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது. முன்னொரு காலத்தில் இரண்டு மெம்பர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுகிறார்கள் என்று சந்தேகம் வந்து போட்ட சட்டம் அது. வேறு எங்கும் இப்படி இல்லை என்று வெளியூரிலிருந்து வருகிற மெம்பர்கள் முகம் சுளிப்பார்கள். "எங்க கிளப்புல அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு நான்தான் அவர்கள் சீட்டைத் திருப்பி வைப்பேன்.

இனி சிவலிங்கண்ணன்.

அவர் நம் கிச்சனில் பெரிய சமையல்காரர். பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, சேரம்பாடியில் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, கல்யாணமாகி, பிறகு சமையலுக்கு என்று குன்னூர் வந்தவர். டீயை அவர் டீ என்று சொல்லி நான் கேட்டதில்லை, தேத்தண்ணிதான். அவர் சம்சாரம் செல்லம்மா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இரண்டு பேரும் கிளப் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நானும் அதே வரிசையில் இருந்தேன். என் வீட்டுக்காரி போன பிறகு பாதி நாள் எனக்குச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

கொரோனா கழிந்து வந்த மழைக்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு வந்தது. ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆனால் கிளப்புக்குப் பின்பக்கம், விறகுக் கொட்டகையைத் தாண்டி, ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள சின்ன வீடு ஒன்று உண்டு. நெடுநாள் வேலை செய்த ஒருவர் கடைசி வரை அதில் இருந்துகொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு. அதில் இருந்த தோட்டக்காரர் அந்த வருஷம்தான் காலமாகியிருந்தார். வீடு ஒன்று, ஆள் இரண்டு.

எனக்கு மேட்டுப்பாளையத்தில் மகன் இருக்கிறான். மாடி வீடு. வெயில் தாங்காது என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. சிவலிங்கண்ணனுக்கு அப்படி இல்லை. மகன் சேரம்பாடியில் எஸ்டேட் லயத்தில் ஐந்து பேரோடு இருக்கிறான். ஒரு ஆள் படுக்கத்தான் இடம். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், ஒற்றை அறை. அங்கேயும் ஒரு ஆளுக்குத்தான் இடம். குன்னூரில் வாடகைக்குக் கேட்டால் எல்லோரும் ஹோம்ஸ்டே விலை சொல்கிறார்கள். அந்தப் பின்வீடு கிடைத்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பார்கள். கிடைக்காவிட்டால் அவர் மகனிடமும் அந்தம்மா மகளிடமுமாகப் பிரிய வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

செகரட்டரி ஐயா, பட்டாளத்திலிருந்து வந்தவர், எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், அண்ணனுக்கே கொடுத்துவிடுங்கள் என்று. செகரட்டரி முகத்தில் நிம்மதி.

"அப்புறம் என்ன சிவலிங்கம்? உன் நெலமையைப் பாத்தா பாவமா இருக்கு. ரங்கசாமியே சொல்லிட்டான்."

சிவலிங்கண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேணாங்க தொரை."

"என்ன வேண்டாம்?"

"பாவம்னு குடுக்கிற வீட்டுல எனக்குத் தூக்கம் வராது. கப்பல்ல வந்த நாள்லேருந்து அந்த வார்த்தையத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். முறையா எனக்கு வந்தா வாங்கிக்கிறேன். இவன் விட்டுக்குடுத்து வர்றது எனக்கு வேணாம்."

"முறைன்னா? ரெண்டு பேருக்கும் சர்வீஸ் ஒண்ணுதான். எதை வெச்சு முறை சொல்றது?"

 அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சீட்டுப் போடுங்க தொரை. நானும் பேன்ட்ரி கதவாண்ட நின்னு எத்தினி வருஷம் பாத்திருக்கேன். இவன் மட்டும்தான் கெட்டிக்காரனா?"

செகரட்டரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்படித்தான் அது முடிவானது. இரண்டு பேருக்கும் சமமான காயின். மத்தியானம் ஆரம்பித்து ஐந்து மணிக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதுகிற வரை ஆட்டம். ஊதும்போது யார் பக்கம் காயின் அதிகமோ அவருக்கு வீடு.

ஆபீஸை விட்டு வெளியே வரும்போதே நான் தீர்மானித்துவிட்டேன், தோற்றுவிட வேண்டும் என்று. நேராகக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். மேஜையில் தோற்றால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

அன்றைக்கு நல்ல மழை. பர்லியாறு பக்கம் மலை ரோட்டில் மண் சரிந்து மெம்பர்கள் யாரும் வரவில்லை. செகரட்டரியும் கிளப்புக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள டாக்டர் ஐயாவும்தான் இருந்தார்கள். செகரட்டரி சீட்டுப் போட்டார். அவர் போட்ட லட்சணத்தைச் சொல்ல வேண்டாம், இரண்டு தடவை சீட்டு தரையில் விழுந்தது. டாக்டர் போய் டீ எடுத்து வந்தார். அவ்வளவு காலம் நாங்கள் நின்றோம், அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத் தலைகீழ். சிவலிங்கண்ணன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"டாக்டரு, தேத்தண்ணி கழுவுத் தண்ணியாட்டம் இருக்கு."

"கம்ப்ளெய்ன்ட் இருந்தா எழுதிக் குடுய்யா" என்றார் டாக்டர்.

தம்பிகளே, லிமிட் ஆட்டத்தில் தோற்பது லேசு இல்லை. மற்ற ஆட்டமாக இருந்தால் ஒரே கையில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எழுந்து போய்விடலாம். இங்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோற்க முடியும், மணிக்கணக்கில். ஃபிளாப் பார்த்துவிட்டால் சீட்டைக் காட்ட வேண்டும். அதனால் நான் நல்ல சீட்டை எல்லாம் ஃபிளாப்புக்கு முன்னாலேயே வீசினேன். இரண்டு ராணியை வீசினேன். ஏஸும் ஜாக்கியும் வீசினேன். மோசமான சீட்டு வந்தால் உள்ளே போய், காட்டும்போது, "என்னமோ நெனச்சு ஆடிப்போட்டனுங்க" என்று வழிந்தேன். அண்ணன் பக்கம் காயின் மெதுவாக ஏறியது. என் பக்கம் மெதுவாகக் குறைந்தது. ரொம்ப இல்லை. சந்தேகம் வராத அளவுக்கு.

வராமல் இருக்குமா? சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டாக்டர் கேட்டார்:

"என்ன ரங்கா, நாலு கையா பாக்காமயே வீசற மாதிரி இருக்குதே?"

"சீட்டு சேரலீங்க."

சிவலிங்கண்ணன் சிரிக்கவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரங்கா, நீ வேணும்னே தோத்துத் தள்ளிவிடுறியா? அப்பிடி இருந்தா இப்பவே சொல்லிரு. நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

"ஏனுங்கண்ணா இப்படிப் பேசறீங்க? ஆடிட்டுத்தான இருக்கறேன்."

"அடுத்த கை ஆடு. பாப்போம்."

அடுத்த கைக்குச் சீட்டு விழுந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நாலு. ஒன்று கிளாவர், ஒன்று டைமண்ட். முதலில் சொல்ல வேண்டியது என் முறை.

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எதிரில் ஒரே ஆள். ஏற்றிக் கட்டியிருந்தால் நிஜமாக ஆடுகிறேன் என்று அவருக்கு நம்பிக்கை வந்திருக்கும். சும்மா சீட்டு வைத்திருந்தால் அவரும் வீசியிருப்பார், எனக்கு வரும் காயின் அற்பம். வீசியிருந்தால் இன்னொரு தடவை முறைத்திருப்பார். எழுந்து போயிருப்பாரா? எழுந்திருக்க மாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவரும் அந்த வீட்டை அவ்வளவு வேண்டித்தானே உட்கார்ந்திருந்தார். நான் இரண்டையும் செய்யவில்லை. கட்ட வேண்டிய குறைந்த காயினைக் கட்டி உள்ளே போனேன். ஃபிளாப் பார்ப்போம், பெரிய சீட்டாக விரியும், நம் நாலு ஒன்றுமில்லாமல் போகும், காட்டிவிட்டுத் தோற்கலாம் என்று கணக்கு. பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் ஆகியிருக்கும்.

அண்ணன் ஏற்றினார். அந்த அளவுக்கு மட்டும் நானும் கட்டினேன்.

செகரட்டரி மூன்று சீட்டை விரித்தார். ஏஸ், ஏழு, ஸ்பேடு நாலு.

டாக்டர் ஏதோ பேசினார், என் காதில் விழவில்லை. மூன்று நாலு என் கையில். இனி வீச முடியாது. வீசினால் கடைசியில் காட்ட வேண்டும். மூன்று நாலை வீசியவன் என்று தெரிந்த அந்த நிமிஷமே அண்ணன் வீட்டை வேண்டாம் என்று போய்விடுவார். ஆடினால் நான் ஜெயிக்கிறேன். அந்தச் சட்டத்தை எத்தனையோ பேர் மேல் சாத்தியவன் நான். அது என் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அண்ணன் காயின் வைத்தார். அவரிடம் ஏஸ் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சமையல்காரருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. கடவுளே, இவர் நிறுத்தட்டும் என்று நான் வெறுமனே கட்டிக்கொண்டே போனேன். ஒரு தடவைகூட ஏற்றவில்லை. நாலாவது சீட்டு ஒன்பது. மறுபடி வைத்தார். கட்டினேன். ஐந்தாவது சீட்டு ராஜா. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் அவர் வீசியிருந்தால்கூட காயின் கணக்கில் அவர்தான் முன்னால் இருந்திருப்பார். சும்மா இருந்திருந்தாலும் போதும். காயினை எடுத்து வைத்தார். நானும் கட்டினேன்.

அவர் ஏஸும் ராஜாவும் விரித்தார். நடுவில் இருந்த ஏஸோடும் ராஜாவோடும் சேர்ந்து இரண்டு பெரிய ஜோடி. நான் என் இரண்டு நாலையும் திருப்பி வைத்தேன்.

 செகரட்டரி அடுத்த கைக்குச் சீட்டு கலைக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. எங்கள் இரண்டு பேர் காயினையும் அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடைய அடுக்கு ஒரு விரல் உயரம் கூட.

"மூணு நாலை வெச்சுக்கிட்டு ஒருக்கா கூட ஏத்தலியேப்பா" என்றார் டாக்டர். "பயந்துட்டியா?"

"ஆமாங்க" என்றேன்.

சிவலிங்கண்ணன் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நிஜமாக ஆடியதில் அவருக்குச் சந்தோஷம் என்றே எனக்குத் தோன்றியது. அதுதான் என்னால் இன்றும் பொறுக்க முடியாதது.

மறுநாள் காலையிலேயே அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். "அண்ணா, ஜெயிச்சது என்னோடதுதானுங்க? என்னோடதை நான் உங்களுக்குத் தர்றேன். அங்கயே இருங்க" என்றேன்.

"ஜெயிச்சவன் குடுத்தா மட்டும் வேற பேரா? போடா, போய்ச் சாமானை ஏத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அந்த வீட்டில் ஒரு நாளும் படுக்கவில்லை. சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டேன். நீங்கள் உடைந்த நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போடுகிறீர்களே, அதுதான் அந்த அறை. அப்போது நான் ஏன் அந்தக் காயினைக் கட்டினேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அண்ணனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பின்வீட்டு ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். காலையில் அங்கே பனி ஏறி வருவதை நானும் பார்த்திருக்கிறேன். என் கை அதற்காகவும் கொஞ்சம் நகர்ந்திருக்குமோ என்று தோன்றும். தெரியவில்லை. சின்ன ஜோடி கையில் இருக்கும்போது மனசில் என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை. அதனால்தான் சொல்கிறேன். விட்டுக்கொடுக்கிற எண்ணம் இருந்தால் ஃபிளாப்புக்கு முன்னால் விட்டுவிடுங்கள். அப்போது யாரும் உங்கள் சீட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் இதோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தது தப்பு. அதை எனக்குச் சொன்னவர் செல்லம்மா.

நான் கீழே இறங்குவதற்கு முன்னால், அவர்கள் கிளம்பிய அன்று, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அண்ணனுக்கு ஊட்டி பஸ், அங்கே மாறி சேரம்பாடி. அந்தம்மாவுக்குக் கீழே இறங்குகிற மேட்டுப்பாளையம் பஸ், அங்கிருந்து திருப்பூர். ஊட்டி பஸ் முதலில் வந்தது. அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "மாத்திரையை ராத்திரி மறந்துராத" என்றார். செல்லம்மா தலையை ஆட்டியது. பஸ் திரும்பி மேலே போனது. அது மறைகிற வரை அந்தம்மா பார்க்கவில்லை. பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தது.

பிறகு என்னிடம் கேட்டது. கோபமாக இல்லை, கறிகாய் விலை கேட்கிற மாதிரி.

"ஏன் தம்பி, தொரை அந்த வீட்டைச் சும்மாவே தர்றேன்னு சொன்னாராமே?"

"ஆமாங்கக்கா. அண்ணன்தான் பாவம் பாத்துக் குடுக்கறது வேண்டாம்னாரு."

"அவருக்கு வேணாம். சரி. நான் அந்த ஆபீஸுக்கு வெளியிலதானே நின்னேன், சாப்பாட்டுத் தூக்கை வெச்சுக்கிட்டு. எங்கிட்ட யாரு கேட்டா?"

நான் கீழே இருந்த மூட்டையை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"இருக்க ஒரு இடம் குடுத்தா எந்தப் பேரு சொல்லிக் குடுத்தாலும் நான் வாங்கியிருப்பேன் தம்பி. பாவம்னாலும் வாங்கியிருப்பேன், பிச்சைன்னாலும் வாங்கியிருப்பேன். எனக்கு அந்த ஆளு பக்கத்துல இருந்தாப் போதும். நீங்க ரெண்டு பேரும் ஒரு மத்தியானம் பூரா உக்காந்து வெளையாடுனீங்களே, அது என் வீடுமில்லையா?"

மேட்டுப்பாளையம் பஸ் வந்துவிட்டது. பையை உள்ளே வைத்துக் கொடுத்தேன். உட்கார இடம் இல்லை. அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனது.